ஒரு சேலையில் ஒரு யன்னலும் ஒரு வாசலும்

வீடு குடிபுகுந்து பல மாதமாகியும் யன்னலில் படுக்கை விரிப்பைக் கட்டிவைத்திருக்கும் வீடுகள் எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் நிறைய. சீமெந்து, ஓடு, கதவு, பெயின்ட் என்று கையில் இருந்ததெல்லாம் முடிந்த பிறகுதான் யன்னல் நினைவுக்கு வரும். அப்போது கடைக்குப் போய்த் தைத்த திரைக்கு விலை கேட்டால், நாலு யன்னலுக்குக் கணக்குப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் திரும்பவேண்டியதுதான். நானும் அப்படித் திரும்பி வந்தவள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுத் திரைகள் எல்லாம் நானே தைத்தவை. தையல் படித்தவள் இல்லை. நேராக ஒரு கோடு தைக்கத் தெரியும், அவ்வளவுதான். திரைச்சீலைக்கு அது போதும். கையும் கழுத்தும் வைத்து வெட்டும் வேலை இதில் இல்லை. எல்லாமே நேர்கோடு.

முதல் திரையில் நான் விட்ட பிழையைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், ஏனென்றால் புதிதாகத் தைப்பவர்கள் அநேகமாக எல்லாரும் அதையே விடுகிறார்கள். யன்னல் 48 அங்குல அகலம். 48 அங்குலத் துணி வாங்கி, நடுவில் வெட்டி, இரண்டு துண்டாகத் தைத்து மாட்டினேன். இழுத்து மூடினால் துவாய் காயப்போட்டது போலத் தட்டையாக நின்றது. ஓரம் மடித்ததில் போன துணியால் நடுவில் நாலு விரல் இடைவெளி. காற்று வந்தால் அந்த இடைவெளி வாயைத் திறந்துவிடும். துணி நல்ல துணி, விலையும் கூட. ஆனால் சுருக்கம் விழ அகலம் இல்லை. திரைக்கு அழகு வருவது அலை அலையாக விழும் சுருக்கத்தால்; சுருக்கம் வருவது தாராளமான அகலத்தால். விலை கூடிய துணி குறைவாக வாங்குவதைவிட, மலிவான துணி தாராளமாக வாங்குவதுதான் எப்போதும் பார்வைக்கு நன்றாக இருக்கும்.

முதலில் அளவு

யன்னலை அளக்க வேண்டாம், திரை தொங்கப்போகும் இடத்தை அளவுங்கள். யன்னல் நிலைக்கு மேலே 3 அங்குலம் தள்ளி, இரண்டு பக்கமும் 4 அங்குலம் வெளியே நீட்டிக் கம்பி பூட்டினால், திரையைத் திறக்கும்போது துணி சுவரோடு ஒதுங்கும். காற்றும் வெளிச்சமும் முழுதாக உள்ளே வரும். நிலைக்குள்ளேயே பூட்டினால் திறந்த துணியே யன்னலில் பாதியை அடைத்துக்கொள்ளும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 48 அங்குல அகலமும் 48 அங்குல உயரமும் உள்ள சாதாரண இரட்டைக் கதவு யன்னல் என்று வையுங்கள். கம்பியின் நீளம் 48 உடன் 4 உம் 4 உம், மொத்தம் 56 அங்குலம். துணியின் அகலம் அதற்கு இரண்டு மடங்கு, அதாவது 112 அங்குலம் இருந்தால் சுருக்கம் அழகாக விழும். ஒன்றரை மடங்குக்குக் கீழே போகவேண்டாம். மெல்லிய, காற்றுப்போல இருக்கும் துணி என்றால் இரண்டரை மடங்கு வேண்டும்.

உயரம்: கம்பியிலிருந்து நிலை வரை 3, யன்னல் 48, யன்னலுக்குக் கீழே தொங்க 6, ஆக 57 அங்குலம். கம்பிக்கு மேலே சின்னதாக எழுந்து நிற்கும் கொசுவத்துக்கு 1. மேல் மடிப்புக்கு 2½. கீழ் மடிப்புக்கு 4. கூட்டினால் 64½, 65 அங்குலமாக வெட்டுங்கள். நான் எப்போதும் இந்தக் கூட்டலை ஒரு தாளில் எழுதி, அதைப் பார்த்துத்தான் கத்திரிக்கோலை எடுப்பேன். மனக்கணக்கில் மேல் மடிப்பை மறந்துவிடுவது மிகவும் சுலபம்.

துணி கடையில் எடுப்பதானால்

கடைக்காரரிடம் முதலில் கேட்கவேண்டியது துணியின் அகலம். விலையை அதற்குப் பிறகு கேளுங்கள். மேலே சொன்ன யன்னலுக்கு 45 அங்குல அகலத் துணி என்றால் மூன்று துண்டு வெட்டவேண்டும். சுருங்குவதற்கும் சேர்த்து ஏறத்தாழ 5¾ யார். 58 அங்குல அகலத் துணி என்றால் இரண்டே துண்டு. 4 யார் போதும், நடுவில் பொருத்தும் வேலையும் இல்லை. அகலத் துணி யாருக்குக் கொஞ்சம் விலை கூடினாலும் மொத்தக் கணக்கில் பெரும்பாலும் அதுதான் இலாபம். மீற்றரில் வெட்டித் தரும் கடையென்றால், யார் 36 அங்குலம், மீற்றர் 39 அங்குலத்துக்குச் சற்றுக் கூட என்பதை நினைவில் வையுங்கள்.

எங்கள் பக்கத்தில் துணிக்குக் குறைவில்லை. காத்தான்குடிக் கடைத்தெருவிலும் கல்முனைச் சந்தையிலும் நாலு கடை ஏறி இறங்கினால் துண்டுத் துணிகள் கிடைக்கும். ஒரே நிறத்தில் நாலு யார் கிடைக்காவிட்டாலும் இரண்டு நிறத்தில் இரண்டு யார் கிடைத்துவிடும். மேல் பாதி ஒன்று, கீழ்ப் பாதி ஒன்று என்று பொருத்தினால் வேண்டுமென்றே செய்ததுபோல இருக்கும். கடும் நிறத்தைக் கீழே வையுங்கள், அழுக்குத் தெரியாது. கைத்தறிக்கு மருதமுனை இருக்கிறது. அந்த ஊர்ச் சாரத் துணியில் கோடும் கட்டமும் போட்டு வருவது, ஆண்பிள்ளைகளின் அறைக்கும் படிக்கும் அறைக்கும் எனக்கு மிகவும் பிடித்தது. உடுத்துப் பழசான சாரமாக இருந்தால் மூட்டிய தையலைப் பிரித்து, வெளுத்த பகுதியை ஒதுக்கிவிட்டு வெட்டுங்கள். தறித்துணி கனம் என்பதால் ஒன்றரை மடங்கு அகலமே போதும்.

புதுப் பருத்தித் துணியை நனைக்காமல் வெட்டவே வேண்டாம். இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, கஞ்சி போகக் கழுவி, காயவைத்து, அயன் பண்ணிய பிறகு அளவுங்கள். பருத்தி முதல் கழுவலில் 100 அங்குலத்துக்கு 3 முதல் 5 அங்குலம் வரை சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் திரை யன்னலுக்கு மேலே ஏறி நிற்கும். ஊறவைத்த தண்ணீரில் சாயம் இறங்குகிறதா என்றும் அப்போதே தெரிந்துவிடும்.

அலுமாரியில் இருந்து எடுப்பதானால்

இதுதான் எனக்கு மிகவும் விருப்பமான வழி. அம்மாவின் அலுமாரியில் யாரும் உடுக்காத பருத்திச் சேலைகள் அடுக்கில் கிடக்கும். ஆயிரம் தரம் கழுவியவை. இனிச் சுருங்காது, சாயமும் போகாது, கைக்குப் பஞ்சுபோல இருக்கும். இரண்டு பக்கமும் கரை இருப்பதால் ஓரம் அடிக்கும் வேலை மிச்சம். அந்தக் கரையே திரையின் இரண்டு பக்கமும் நெடுக இறங்கி அலங்காரமாகிவிடும். காசு கொடுத்து லேஸ் வைத்தாலும் அந்த அழகு வராது என்பது என் எண்ணம்.

சேலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இழை தேய்ந்த இடம் சல்லடையாகத் தெரியும். விரலால் இரண்டு பக்கமும் மெல்ல இழுத்துப் பாருங்கள். கிழிந்தால் அந்தத் துண்டைத் திரைக்கு எடுக்காதீர்கள். இடுப்பில் செருகும் பகுதியும் காலில் படும் கரையும்தான் முதலில் தேயும்.

ஒரு சேலை பொதுவாக 5½ மீற்றர், அதாவது 216 அங்குலம் நீளம்; அகலம் 45 அங்குலம் அளவில் இருக்கும். அதிலிருந்து 65 அங்குலத் துண்டு இரண்டு வெட்டினால் 130. மிச்சம் 86 அங்குலம், முந்தானையோடு. அந்த இரண்டு துண்டும் நம்முடைய 48 அங்குல யன்னலுக்கு. இரண்டின் அகலமும் சேர்ந்து 90, கம்பி 56 என்பதால் ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் கூட. மிச்சமான 86 அங்குலத் துண்டு அறைவாசலுக்கு. மேலும் கீழும் மடித்தபின் 79½ அங்குலம் வரும். 7 அடி வாசலில் தரைக்கு ஐந்து அங்குலத்துக்கு மேலே நிற்கும். தும்புத்தடியால் கூட்டவும் தரை கழுவவும் அந்த இடைவெளி வேண்டும். முந்தானை கீழே வரும்படி தையுங்கள். சுருக்கம் குறைவான வாசல் திரையில் முந்தானையின் வேலைப்பாடு முழுதாகத் தெரியும். யன்னலுக்கு இரண்டு துண்டு வேண்டும், முந்தானையோ ஒன்றுதான். ஒரு துண்டில் மட்டும் வைத்தால் ஒற்றைக்காலில் நிற்பதுபோல இருக்கும்.

சேலை மிக மெல்லியதென்றால் வாசலை மறந்துவிட்டு மூன்று துண்டும் யன்னலுக்கே கொடுங்கள். மூன்றாவது துண்டை நெடுக இரண்டாகப் பிளந்து, வெட்டிய ஓரத்தை முழுத்துண்டின் கரையோடு பொருத்தினால் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கரைக்கோடுகள் இறங்கும். மிச்சமாகும் 21 அங்குலத்தில் திரையை ஒதுக்கிக் கட்டும் பட்டிகள் தைக்கலாம்.

அம்மாவிடம் கேட்காமல் வெட்டவேண்டாம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நான் கேட்டபோது அம்மா தானே நாலைந்து சேலையை எடுத்துவந்து, எது எந்த அறைக்கு என்று சொல்லித் தந்தார். இன்று எங்கள் நடுவறையில் தொங்குவது நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவர் உடுத்த சேலை.

தைத்தல்

வெட்டும் கோட்டைப் போடத் தையல் சோக் இல்லாவிட்டால், தேய்ந்து ஓடாகிப்போன சவர்க்காரத் துண்டு போதும். துணியில் தெளிவாகக் கோடு விழும், கழுவினால் போய்விடும். சீமெந்துத் தரையில் துணியை விரித்து, தரையோட்டின் கோட்டோடு கரையை ஒட்டிவைத்தால் வெட்டு கோணாது. இரண்டு துண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து நீளம் சரிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்கிய துணியில் கரை சுருக்கென்று இழுத்துப் பிடித்திருந்தால் அதை வெட்டிவிட்டு, பக்க ஓரத்தை அரை அங்குலம், பிறகு இன்னொரு அரை அங்குலம் என்று இரண்டு மடிப்பாக மடித்து அடியுங்கள். பக்கம் முடிந்த பிறகு மேல்பக்கம். வெட்டிய விளிம்பை அரை அங்குலம் மடித்து அயன் பண்ணுங்கள். பிறகு 2 அங்குலம் மடித்து மறுபடி அயன் பண்ணிக் குண்டூசி குத்துங்கள். இந்த மடிப்பின் அடியில் ஒரு தையல். அதற்கு 1 அங்குலம் மேலே இன்னொரு தையல். இரண்டு தையலுக்கும் நடுவே கம்பி நுழையும் குழாய் கிடைக்கும். அதற்கு மேலே உள்ள 1 அங்குலம், கம்பியில் சுருக்கும்போது கொசுவமாக எழுந்து நிற்கும். பெரிய குழாய்க் கம்பி போடுவதாக இருந்தால் முதலில் அந்தக் குழாயைச் சுற்றி நாடாவைப் பிடித்து அளந்து, அதில் பாதியோடு அரை அங்குலம் கூட்டி இடைவெளி விடுங்கள், மேல் மடிப்பையும் அதற்கேற்பக் கூட்டுங்கள். இறுக்கமான குழாய்க்குள் திரை நகராது.

கீழ்ப்பக்கத்தை உடனே தைக்காதீர்கள். மேல்பக்கம் முடிந்ததும் திரையைக் கம்பியில் மாட்டி ஓர் இரவு தொங்கவிடுங்கள். பருத்தி தன் பாரத்தில் கொஞ்சம் இறங்கும். சுவரும் நிலையும் எல்லா வீட்டிலும் மட்டமாக இருப்பதில்லை. அடுத்த நாள் தொங்கியபடியே கீழ் விளிம்புக்குக் குண்டூசி குத்தி, கழற்றித் தையுங்கள். இந்த ஒரு இரவைப் பொறுத்துக்கொண்டால் இரண்டு துண்டும் ஒரே மட்டத்தில் நிற்கும்.

மெசின் இல்லையென்றால் கையாலேயே தைக்கலாம். மேல் மடிப்புக்கு, ஒவ்வொரு முறையும் ஊசியைச் சற்றுப் பின்னால் குத்தி முன்னால் எடுக்கும் பின்தையல் போடுங்கள், பாரம் தாங்குவது அதுதான். கீழ் மடிப்புக்கு, ஊசியை மேலும் கீழுமாக நேரே ஓட்டிக்கொண்டு போகும் ஓட்டுத்தையல் போதும். நூலைக் கை நீளத்துக்கு மேல் எடுக்காதீர்கள், சிக்கும். ஒரு யன்னலுக்கு இரண்டு மாலைப்பொழுது பிடிக்கும். பக்கத்து வீட்டில் மெசின் இருந்தால், அயன் பண்ணிக் குண்டூசி குத்திய பிறகு கொண்டுபோங்கள். அடிக்கும் வேலை மட்டும் என்றால் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும், கேட்பதற்கும் தயக்கம் இராது.

கம்பி

மிகவும் மலிவானது பிளாஸ்டிக் உறை போட்ட ஸ்பிரிங் கம்பி. இழுத்துப் பூட்டினால்தான் நேராக நிற்கும் என்பதால், பூட்டும் தூரத்தைவிட இரண்டு மூன்று அங்குலம் குறைவாக வெட்டுங்கள். இரண்டு முனையிலும் கொளுக்கி வளையத்தைத் திருகி, சுவரில் அடித்த கொளுக்கியில் மாட்டவேண்டும். மெல்லிய சேலைக்கு நல்லது. 5 அடிக்கு மேல் போனால் நடுவில் தொய்யும். அங்கே ஒரு கொளுக்கி கூட அடிக்கவேண்டும், அல்லது பிவிசி குழாயோ மூங்கிலோ போடவேண்டும். நல்ல நேரான மூங்கிலைக் கணு சீவி, வார்னிஷ் பூசி மாட்டினால் கைத்தறித் திரைக்கு அதைவிடப் பொருத்தம் வேறில்லை.

கல்லடி, நாவலடி, கல்முனை, மருதமுனை என்று கடற்கரையோரம் இருப்பவர்கள் இரும்புக் கம்பி பக்கமே போகவேண்டாம். உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். துரு துணியில் ஏறினால் சவர்க்காரத்துக்குப் போகாது. எங்கள் வீட்டில் ஒரு வெள்ளைத் திரையை அப்படித்தான் இழந்தோம். துருப்பிடிக்காத எஃகு, பித்தளை, அலுமினியம், பிளாஸ்டிக் இவற்றில் எது கைக்குக் கிடைக்கிறதோ அது.

வெயிலும் கச்சானும்

வைகாசி பிறந்தால் கச்சான் வரும். மேற்கிலிருந்து சூடாக, தூசியை அள்ளிக்கொண்டு வீசுகிற காற்று. பின்னேர வெயிலும் அதே பக்கம். மேற்குப் பக்க யன்னலுக்குக் கடும் நிறச் சேலையைப் போட்டால் மடிப்பு மடிப்பாக வெளுக்கும். அந்தப் பக்கத்துக்கு வெளிர் நிறம் எடுங்கள், அல்லது பின்னால் ஒரு பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பை உள்துணியாக வைத்து மேல் மடிப்போடு சேர்த்துத் தையுங்கள். உள்துணி கீழே 1 அங்குலம் குட்டையாக இருக்கட்டும், வெளியே தெரியாது. அறையின் சூடும் நன்றாகக் குறையும்.

திரை காற்றில் எழும்பி மேசையில் உள்ளதைத் தட்டிவிடாமல் இருக்க, கீழ் மடிப்பின் இரண்டு மூலையிலும் பாரம் வையுங்கள். வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு எங்கள் ஊரில் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் ஈயம் பிள்ளைகளின் கையிலும் வாயிலும் படக்கூடாத பொருள். சின்னத் துணிப்பையில் இரண்டு கூழாங்கல்லைப் போட்டுத் தைத்து மடிப்புக்குள் விட்டால் அதே வேலையைச் செய்யும்.

றோட்டுப் பக்க யன்னலுக்கு மெல்லிய துணி போடுபவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளவேண்டும். பகலில் வெளியே நிற்பவருக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. இரவில் லைட் போட்டதும் எல்லாம் தெரியும். மாட்டிய அன்று இரவே வெளியே போய் நின்று பாருங்கள்.

குசினியில் அடுப்புக்குப் பக்கத்து யன்னலுக்கு நீளத் திரை வேண்டவே வேண்டாம். காற்றில் பறந்து நெருப்பில் விழும். தூரத்து யன்னலென்றால் கீழ்ப் பாதியை மட்டும் மறைக்கும் அரைத்திரை போடலாம், பருத்தியில். பொலியெஸ்டர் உருகி ஒட்டும். சாமி விளக்கு வைக்கும் இடத்துக்கும் இதேதான்.

அலங்காரம்

வெறும் வெள்ளைத் துணியோ பழைய விரிப்போ கையில் இருந்தால், வெண்டிக்காய் அச்சு போட்டுப் பாருங்கள். முற்றிய வெண்டிக்காயைத் தடித்த பக்கத்தில் குறுக்கே வெட்டினால் ஐந்து இதழ்ப் பூ. வாழைமட்டையைக் குறுக்கே வெட்டினால் அறை அறையாகப் பிறை. வெட்டிய முகத்தைத் துணியால் ஒற்றி ஈரம் எடுங்கள். துணிப் பெயின்டை ஒரு தட்டில் ஸ்பொஞ்சில் ஊறவிட்டு, அதில் தொட்டு அச்சிடுங்கள். பெயின்டுக்குள் நேரே தோய்த்தால் வழிந்து பூவின் உருவம் போய்விடும். ஒரு காய் பத்து அச்சுக்குப் பிறகு குழைந்துவிடும், ஐந்தாறு காய் எடுத்துவையுங்கள். துணிக்குக் கீழே பழைய பத்திரிகை விரித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, மறுபக்கத்திலிருந்து அயன் பண்ணினால் சாயம் பிடித்துக்கொள்ளும்.

முழுத் துணியிலும் நெருக்கமாக அச்சிட வேண்டாம். சுருக்கத்துக்குள் பாதி மறைந்துவிடும். கீழிருந்து ஓர் அடி உயரத்துக்கு மட்டும், ஆறு அங்குலத்துக்கு ஒன்றாகப் போட்டால் அந்த வேலை கண்ணில் படும். மஞ்சளில் சாயம் தோய்க்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மஞ்சள் வெயிலுக்கு நிற்காது. யன்னலில் தொங்கவே தொங்காத மேசை விரிப்புக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

பழைய சட்டை, பாவாடைகளில் இருந்து கழற்றிய ரேந்தை, அதாவது லேஸ், இருந்தால் கீழ் விளிம்பில் வையுங்கள். யன்னல், ரேந்தை, அலுமாரி மூன்றும் போர்த்துக்கேயரிடமிருந்து நம் பேச்சுக்கு வந்த சொற்கள். 1628 இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டியவர்கள் பத்தே ஆண்டில், 1638 இல், அதை ஒல்லாந்தரிடம் விட்டுப் போனார்கள். சொற்கள் மட்டும் நம் வீட்டுக்குள் தங்கிவிட்டன. ரேந்தை ஒரே நீளத்தில் கிடைக்காவிட்டால், பொருத்து தெரியும் இடத்தைச் சுருக்கத்தின் உள்மடிப்பில் விழும்படி வைத்துத் தையுங்கள்.

ஒதுக்கிக் கட்டும் பட்டிக்கு 6 அங்குல அகலத்தில் 21 அங்குல நீளத் துண்டு வெட்டி, நெடுக இரண்டாக மடித்து உட்பக்கமாகத் தைத்து, திருப்பி, இரண்டு முனையிலும் நூலால் ஒரு சின்னக் காது வையுங்கள். சுவரில், திரையின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், ஒரு கொளுக்கி. நடுவில் கட்டினால் யன்னல் இடுப்பு இறுக்கியதுபோலத் தெரியும். கொஞ்சம் கீழே இறக்கினால் துணி நன்றாக வளைந்து விழும்.

கழுவுவதைப் பொறுத்தவரை, கச்சான் காலத்தில் வாரத்துக்கு ஒருமுறை கழற்றி வெளியே உதறினால் போதும். ஐப்பசி மழை பிடிக்கும் முன்னர் எல்லாத் திரைகளையும் ஒருமுறை கழுவி வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்துவிடுங்கள். மாரியில் ஈரம் ஏறிய அழுக்குத் துணியில்தான் கறுப்புப் புள்ளி விழும். வெயில் கண்ட நாளில் கழுவினால் கொடியில் முழுக்கக் காயும்வரை விடத் தேவையில்லை. முக்கால்வாசி காய்ந்ததும் எடுத்துக் கம்பியில் கோர்த்து, கீழ் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து ஒரு இழுவை இழுத்து, யன்னலைத் திறந்துவிடுங்கள். மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும், அயன் பண்ணும் வேலையும் இராது.